கேமிங் லேப்டாப்புக்கு வாட்டர் கூலிங்: ஹைதராபாத் வெயிலில் இது வேலைக்கு ஆகுமா?

மே மாதம். கொண்டாப்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒரு பிஜி அறை. இரவு பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. ஷிஃப்ட் முடிந்து வந்து கேமைத் திறந்தால் முதல் பத்து நிமிடம் ஜோராக ஓடும். அப்புறம் ஃபேன் விமானம் கிளம்புவது போலக் கத்த ஆரம்பிக்கும். திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று சேற்றில் நடப்பது போல நடப்பான்.

"அக்கா, யூடியூப்ல ஒருத்தன் லேப்டாப்புக்குள்ள தாமிரக் குழாய் விட்டுத் தண்ணி ஓட்டுறான். நானும் பண்ணவா?" அந்த அறையிலிருந்து போன் செய்து கேட்டது என் சித்தி மகன். லேப்டாப்புக்கு இன்னும் பதினான்கு மாத இஎம்ஐ பாக்கி. வார இறுதியில் அவன் வீடியோ எடிட்டிங் செய்து கொஞ்சம் காசு பார்ப்பதும் அதே லேப்டாப்பில்தான். அதனால் "பண்ணு" என்றும் சொல்ல முடியவில்லை, "பண்ணாதே" என்று மட்டும் சொல்லி போனை வைக்கவும் மனம் வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

சுருக்கமான பதில் வேண்டுவோருக்கு: செய்யலாம், சரியாகச் செய்தால் பலனும் உண்டு. ஆனால் தண்ணீர் தானாக எதையும் குளிர வைப்பதில்லை. சூட்டை ஓரிடத்திலிருந்து தூக்கி இன்னோர் இடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான். சிப்பிலிருந்து தண்ணீர் வரை சூடு எந்த வழியாக வருகிறது, அதை எங்கே கொட்டுகிறோம், அந்த இடம் எவ்வளவு சூடு என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

லேப்டாப்புக்குள் என்ன நடக்கிறது?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ7-12700எச் பிராசஸருக்கு இன்டெல் குறிப்பிடும் அடிப்படை மின்சக்தி 45 வாட். டர்போவில் அதிகபட்சம் 115 வாட். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் ஜிபியு 35 முதல் 115 வாட் வரை. எவ்வளவு தருவது என்பது லேப்டாப் தயாரிப்பாளரின் முடிவு. ஒரே ஜிபியு பெயர் ஒட்டிய இரண்டு லேப்டாப்புகள் வேறு வேறு வேகத்தில் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேம் ஓடும்போது இரண்டும் சேர்ந்து 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். இந்த 150 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும்.

150 வாட் என்பது பெரிய எண் இல்லை. பழைய குண்டு பல்பு இரண்டு எரிந்தால் அதைவிட அதிகம். சிக்கல் பரப்பளவில் இருக்கிறது. 1000 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடிப்பாகம் சுமார் 150, 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். பிராசஸர் சிப்பின் பரப்பு ஏறக்குறைய 2 சதுர சென்டிமீட்டர்தான். அதில் 100 வாட் வந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் இஸ்திரிப்பெட்டியைவிட ஏழெட்டு மடங்கு சூடு உற்பத்தியாகிறது. அதை உடனுக்குடன் அங்கிருந்து கடத்தியாக வேண்டும்.

அது வெளியே போகும் வழி இது: சிப்பின் மேல் தெர்மல் பேஸ்ட், அதன் மேல் தாமிரத் தகடு, தகட்டிலிருந்து கிளம்பும் ஹீட் பைப்புகள், பைப்பின் முனையில் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய தகடுகள், அவற்றின் நடுவே காற்றைத் தள்ளும் ஃபேன், கடைசியாக உங்கள் அறையின் காற்று. ஹீட் பைப் வெறும் தாமிரக் கம்பி இல்லை. உள்ளே கொஞ்சம் தண்ணீர் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் அது ஆவியாகி, ஆறிய முனையில் மீண்டும் தண்ணீராகி, பைப்பின் உள்சுவரில் இருக்கும் திரி போன்ற அமைப்பு வழியாகத் திரும்பி வரும். அந்தக் கணக்கில் உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு வாட்டர் கூலிங் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மோட்டார் மட்டும் இல்லை.

இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணி அடைத்துக்கொண்டாலும் சிப் சூடேறும். லேப்டாப் பிராசஸர்களின் உச்ச வரம்பு மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுதான் த்ராட்லிங். திரையில் 95 டிகிரி என்று பார்த்ததும் நெஞ்சில் கை வைக்க வேண்டியதில்லை; அந்த எல்லைவரை போகும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். எல்லையிலேயே மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்பதும், அதனால் வேகம் பாதியாவதும்தான் பிரச்சினை.

ஹைதராபாத் என்பது ஏன் கணக்கில் வருகிறது?

காற்றானாலும் தண்ணீரானாலும் ஒரே விதி: சிப்பின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையும், அதற்கு மேல் ஏறும் சூடும் சேர்ந்தது. ஹைடெக் சிட்டி அலுவலகத்தில் ஏசி 24 டிகிரியில் ஓடுகிறது. அங்கே அதே வேலையில் லேப்டாப் 86 டிகிரியில் நிற்கிறது என்றால் ஏற்றம் 62 டிகிரி. அதே லேப்டாப்பை மாலையில் 38 டிகிரி அறைக்குக் கொண்டு வந்தால் நேராக 100. லேப்டாப் மாறவில்லை, பேஸ்ட் மாறவில்லை. அறைதான் மாறியது.

ஹைதராபாத்தின் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். நகரில் பதிவான உச்சம் 45.5 டிகிரி, 1966 ஜூன் 2 அன்று. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அறைக்குள் கக்கும். கேம் ஆடும் நேரமும் அதுதான். தக்காணப் பீடபூமியில் 500 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் என்பதால் சென்னையைவிடக் காற்றின் அடர்த்தியும் சில சதவீதம் குறைவு, அதாவது ஃபேன் தள்ளும் காற்றுக்குக் கொஞ்சம் வலு குறைவு. இது சிறிய விஷயம்தான். ஆனால் கணக்கில் அதுவும் நமக்கு எதிர்ப்பக்கம்.

ஆக, எவ்வளவு அழகான வாட்டர் கூலிங் கட்டினாலும் அந்த 38 டிகிரி அறையில் தண்ணீர் 38-க்குக் கீழே தானாக இறங்காது. ரேடியேட்டரால் அறையின் வெப்பநிலையை நெருங்க முடியும், தாண்ட முடியாது. வாட்டர் கூலிங்கால் குறைக்க முடிவது அந்த 62 என்ற ஏற்றத்தை மட்டுமே.

தண்ணீருக்கு முன்னால்

என் தம்பியிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்போ தொறந்து தூசி தட்டின?" பதில் இல்லை. கொண்டாப்பூர், மாதாபூர், கச்சிபௌலிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், தெருவுக்கு ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அந்த சிமென்ட் தூசி ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு படலமாகப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும்.

அடுத்தது தெர்மல் பேஸ்ட். சாதாரணப் பேஸ்ட் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓரிரு ஆண்டில் சிப்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழிந்துவிடும். அந்த இடைவெளியில் காற்று புகும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம். தாமிரத்தோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பேஸ்டுக்குப் பதிலாக இப்போது பலர் போடுவது ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 என்ற மெல்லிய தாள். அறை வெப்பத்தில் திடமாக இருக்கும், சுமார் 45 டிகிரியில் இளகிப் பள்ளங்களில் இறங்கும், எளிதில் வழிந்து போகாது. லிக்விட் மெட்டல் என்று விற்கும் காலியம் கலவை இதைவிட நன்றாகக் கடத்தும். ஆனால் மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தில் பட்டால் அதை அரித்துத் தின்றுவிடும். பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம் என்பது என் கட்சி.

மூன்றாவது, காசே செலவில்லாதது: மின்சக்தியைக் குறைப்பது. சிப் எடுக்கும் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். அழுத்தத்தை 10% குறைத்தால் சக்தி ஏறக்குறைய 19% இறங்கும், வேகம் அதே. இதைத்தான் அண்டர்வோல்ட் என்கிறார்கள். 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியான பிறகு, இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் பயாஸ் அப்டேட் வழியாக இந்த வசதியைப் பூட்டிவிட்டார்கள். உங்களுடையது பூட்டப்பட்டிருந்தால் கவலையில்லை, உச்ச வாட் அளவையே குறைத்து வைக்கலாம். அதுவும் தெரியாவிட்டால் விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99% ஆக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்புகளில் டர்போ அணைந்துவிடும். ஜிபியுவைக் கேமே முழுக்க வேலை வாங்கும்போது பிராசஸர் டர்போ இல்லாததால் வரும் இழப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. எஃப்பிஎஸ்ஸை 60-க்கோ 90-க்கோ பூட்டி வைப்பதும் இதே வகை.

இவை மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு நண்பர்களோடு ஒருநாள் பிரியாணி சாப்பிடும் செலவுதான். இதைச் செய்து முடித்து, ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளில் முன், பின் எண்களைக் குறித்துக்கொண்ட பிறகும் குறை தீரவில்லையென்றால் மட்டும் தண்ணீர்ப் பேச்சுக்கு வாருங்கள். முன்கணக்கு இல்லாமல் கட்டினால் கட்டியது பலன் தந்ததா என்றே தெரியாது.

தண்ணீருக்கு அப்படி என்ன சக்தி?

150 வாட் சூட்டைக் காற்று எடுத்துப் போக வேண்டும், போகும்போது காற்று 10 டிகிரி சூடேறலாம் என்று வைப்போம். அதற்கு நிமிடத்துக்கு சுமார் 800 லிட்டர் காற்று வேண்டும். அதே வேலைக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் தெரியுமா? நிமிடத்துக்கு 200 மில்லிக்குச் சற்று மேல். ஒரு டம்ளர். 800 லிட்டர் காற்றை மெல்லிய லேப்டாப்பின் உள்ளே தள்ளுவதால்தான் அந்த இரைச்சல். ஒரு டம்ளர் தண்ணீரைச் சின்னக் குழாயில் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டினால் தண்ணீர் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இடையே 2 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும்.

இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றுவது: ரேடியேட்டர் எதற்கு, ஒரு பக்கெட் தண்ணீரில் பம்ப்பைப் போட்டால் போதாதா? கணக்கு: 150 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் 540 கிலோஜூல். 10 லிட்டர் பக்கெட் அதில் கிட்டத்தட்ட 13 டிகிரி சூடேறும். 30 டிகிரியில் ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் 43-ஐ நெருங்கும். பக்கெட்டின் பக்கவாட்டிலும் மேலிருந்து ஆவியாகியும் கொஞ்சம் ஆறும், அதனால் உண்மையில் சற்றுக் குறையும். அரைமணி நேர ஆட்டத்துக்குப் பக்கெட் ஓகே. சனிக்கிழமை இரவு முழுக்க ஆடுபவர்களுக்கு ரேடியேட்டர் கட்டாயம். டெஸ்க்டாப் கட்டுபவர்கள் 120 மி.மீ. ரேடியேட்டருக்கு 100 வாட் என்று தோராயமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி நமக்கு 240 மி.மீ. வேண்டும். அறை சூடாக இருந்தால் ஏற்றத்தை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும், அப்போது 360 எடுத்தாலும் தவறில்லை.

இதை யாராவது விற்றிருக்கிறார்களா?

விற்றிருக்கிறார்கள், வெகுகாலம் முன்பே. ஜப்பானின் ஹிட்டாச்சி 2002-ல் ஃப்ளோரா 270டபிள்யூ என்ற வாட்டர் கூலிங் லேப்டாப்பைக் கொண்டு வந்தது. ரேடியேட்டரைத் திரைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். நோக்கம் கேம் இல்லை, சத்தம் குறைய வேண்டும் என்பதுதான். அலுவலக லேப்டாப் அது.

2015 செப்டம்பரில் பெர்லினில் நடந்த ஐஎஃப்ஏ கண்காட்சியில் ஏசுஸ் காட்டிய ஆர்ஓஜி ஜிஎக்ஸ்700 கேமர்களை வாய்பிளக்க வைத்தது. லேப்டாப்பின் முதுகில் பெட்டி அளவுக்கு ஒரு டாக். அதற்குள் பம்ப், ரேடியேட்டர் எல்லாம். டாக்கில் பொருத்தினால் முழு வேகம், கழற்றினால் சாதாரண லேப்டாப், வேகம் குறைவு. அடுத்த ஆண்டு ஜிஎக்ஸ்800 வந்தது. இரண்டும் பெரும்பாலானோர் கைக்கு எட்டாத விலை.

நம் கதைக்கு நெருக்கமானது 2022-ல் ஜெர்மனியின் எக்ஸ்எம்ஜி கொண்டு வந்த ஒயாசிஸ். நியோ 15 லேப்டாப்பின் பின்பக்கம் இரண்டு குழாய்களைப் பொருத்தினால், வெளியே மேசையில் இருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து தண்ணீர் வந்து போகும். லேப்டாப்புக்குள் அவர்கள் செய்திருப்பது ரொம்ப எளிமையான காரியம்: இருக்கிற ஹீட் பைப்புகளின் மேல் ஒரு தண்ணீர்க் குழாயைச் சேர்த்திருக்கிறார்கள். ஃபேன் அப்படியே இருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டாலும் லேப்டாப் ஓடும்.

இந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் யாரும் காற்றை முழுக்கக் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் கட்டுபவர்கள் இங்கிருந்துதான் பாடம் எடுக்க வேண்டும்.

இப்போது ஹைதராபாத்தைச் சுற்றி எழும்பும் டேட்டா சென்டர்களின் காலம். அமேசான் வெப் சர்வீசஸ் 2022 நவம்பரில் இங்கே தன் ரீஜியனைத் திறந்தது. உலகம் முழுக்க ஏஐ சர்வர்கள் தண்ணீருக்கு மாறும் காரணமும் அதே டம்ளர் கணக்குதான். என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 ரேக் ஒன்று சுமார் 120 கிலோவாட் சூட்டைக் கக்கும். நம் கணக்கில் எண்ணூறு கேமிங் லேப்டாப். அதைக் காற்றால் சமாளிக்க முடியாது.

வீட்டில் கட்டினால்: இரண்டு வழிகள்

முதல் வழி, ஹீட் பைப் அமைப்பு முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு சிப்பின் மேல் நேரடியாக வாட்டர் பிளாக் வைப்பது. பலன் இதில்தான் அதிகம், ஆபத்தும் இதில்தான். டெஸ்க்டாப் பிராசஸருக்கு மேலே உலோக மூடி உண்டு. லேப்டாப் சிப் மூடியில்லாமல் நிர்வாணமாக இருக்கும். திருகைச் சமமில்லாமல் முறுக்கினால் ஓரம் உடையும், அதோடு மதர்போர்டே காலி. இன்னொன்று: அசல் அமைப்பு சிப்பை மட்டுமா குளிர்வித்தது? பக்கத்திலிருக்கும் கிராபிக்ஸ் மெமரியையும், மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பாகங்களையும் அதே தாமிரத் தகடுதான் தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டால் சிப் 60 டிகிரியில் சொகுசாக இருக்க, பக்கத்தில் மெமரி கருகும். மென்பொருளில் அந்தப் பாகங்களின் வெப்பம் பல நேரம் தெரியவே தெரியாது.

இந்த வழியில் போக வேண்டுமென்றால் உங்கள் போர்டின் அளவுக்கே தாமிரத்தில் பிளாக்கைக் கடைய வேண்டும். ராய்துர்க்கத்தில் 2023 மார்ச் 2 அன்று திறக்கப்பட்ட டி-வொர்க்ஸ், தெலங்கானா அரசின் புரோட்டோடைப் மையம், இந்த மாதிரி வேலைகளுக்கான இயந்திரங்களை வைத்திருக்கிறது. வரைபடத்தை நீங்களே தயாரிக்கத் தெரிந்திருந்தால் முயன்று பார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு லேப்டாப் மாடலுக்கு மட்டும் பொருந்தும் ஒரு பிளாக்குக்கு இவ்வளவு பாடா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி ஒயாசிஸ் வழி: இருக்கும் ஹீட் பைப்புகளின் மேல் தாமிரக் குழாயைப் படியவைத்துப் பற்றவைப்பது. ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் கால் இன்ச் தாமிரக் குழாய் ராணிகஞ்ச் கடைகளில் கிடைக்கும். லேப்டாப்பின் அடி மூடிக்கும் ஹீட் பைப்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடம் இருக்கும் என்பதால் குழாயைச் சப்பையாக்க வேண்டும். ரொம்பச் சப்பையாக்கினால் தண்ணீர் போகாது. ஹீட் பைப்பைத் தொடும் பக்கம் தட்டையாக இருந்தால் நல்லது. உருண்டைக் குழாய் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும்.

இங்கே ஒரு விஷயம் மனப்பாடமாக இருக்கட்டும். ஹீட் பைப்புக்குள் அடைத்த தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தோம். கேஸ் டார்ச்சை வைத்துச் சுட்டால் அது குக்கர் மாதிரி ஆகும், விசில்தான் இருக்காது. சாதாரண ஈய சால்டர் உருகுவது 183 டிகிரியில். அந்த வெப்பத்தில் உள்ளே நீராவி அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 10 மடங்குக்கு மேல். பைப் உப்பிப் போகலாம், வெடிக்கவும் செய்யலாம். பிஸ்மத் கலந்த சால்டர் 138 டிகிரியிலேயே உருகிவிடும், அப்போது அழுத்தம் மூன்றரை மடங்குக்குள் அடங்கும். ஹீட்சிங்கைக் கழற்றி வெளியே வைத்து, ஹாட் ஏர் கன்னில் மெதுவாக, வெப்பத்தை அளந்துகொண்டே செய்ய வேண்டிய வேலை. கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள். பற்றவைக்கப் பயமாக இருந்தால் வெப்பம் கடத்தும் எபாக்ஸி பசை இருக்கிறது. பலன் குறையும், வெடிக்காது.

இந்த வழியில் சிப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே பழைய பேஸ்ட், பழைய தகடு, பழைய ஹீட் பைப் எல்லாம் அப்படியே நிற்கின்றன. அந்தப் பகுதியில் ஏறும் சூட்டைத் தண்ணீர் தொடவே முடியாது. அதனால் முதல் வழியளவு இறக்கம் எதிர்பார்க்காதீர்கள். கிடைப்பது வேறு: சத்தம் வெகுவாகக் குறையும், ஃபேன் மட்டும் சமாளித்த சூட்டில் பெரும்பகுதி வெளியே போய்விடும், பம்ப் நின்றாலும் லேப்டாப் சாகாது.

கடைசிச் சொல் முக்கியமானது. கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், அடாப்டரில் ஓடும் பம்ப் நின்றுவிடும். முதல் வழியில் கட்டியிருந்தால் சில நொடிகளில் வெப்பம் எகிறி லேப்டாப் தானே அணையும். அப்போது எடிட்டிங்கில் சேமிக்காத வேலை இருந்தால் கோவிந்தா.

எந்தப் பம்ப், எந்தத் தண்ணீர்?

ஏர் கூலரில் இருக்கும் பம்ப் எல்லாப் பக்கமும் மலிவாகக் கிடைக்கிறது, அதை எடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது 230 வோல்ட்டில் நேராக ஓடுவது. இன்சுலேஷன் விட்டுப்போனால் மெயின் கரன்ட் தண்ணீருக்குள், அந்தத் தண்ணீர் உலோகக் குழாய் வழியாக நீங்கள் கை வைத்திருக்கும் லேப்டாப்புக்குள். 12 வோல்ட் டிசி பம்ப் மட்டும் வாங்குங்கள். டெஸ்க்டாப் வாட்டர் கூலிங் பம்ப்புகளும் 240 மி.மீ. ரேடியேட்டரும் செகந்திராபாத் பார்க் லேனில் இருக்கும் செனாய் டிரேட் சென்டர் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம். அங்கே வேலை செய்யாத லேப்டாப்பின் ஹீட்சிங்க் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பற்றவைத்துப் பழக அது உதவும்.

ரேடியேட்டர் வாங்கும்போது பொருளைக் கேளுங்கள். குழாய் தாமிரம், ரேடியேட்டர் அலுமினியம் என்று ஒரே தண்ணீரில் இரண்டையும் சேர்த்தால் அது மெதுவாக ஓடும் ஒரு பேட்டரி. சில மாதங்களில் அலுமினியம் அரித்து, துகள் பம்ப்பை அடைக்கும். பைக், கார் ரேடியேட்டர்களைப் போடும் ஜுகாட் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. தாமிரமென்றால் எல்லாம் தாமிரமோ பித்தளையோ.

தண்ணீர் விஷயத்தில் ஹைதராபாத்வாசிகளுக்கு விளக்கம் தேவையில்லை. ஷவர் தலையில் வெள்ளையாகப் படிகிறதே, போர்வெல் தண்ணீரின் உப்பு, அதேதான் குழாய்க்குள்ளும் படியும். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரி. பாசி பிடிக்காமல் இருக்க டெஸ்க்டாப் கூலன்ட்டுகளில் வரும் மருந்து சில துளி. "டிஸ்டில்டு வாட்டர் கரன்ட் கடத்தாது, அதனால் கசிந்தாலும் பரவாயில்லை" என்பார்கள். பாட்டிலில் இருக்கும்வரை அது ஓரளவு உண்மை. குழாய்க்குள் ஓட ஆரம்பித்ததும் உலோகத்திலிருந்தும் தூசியிலிருந்தும் அயனிகளை எடுத்துக்கொண்டு கடத்த ஆரம்பித்துவிடும்.

ஐஸ் போடலாமா என்பது அடுத்த கேள்வி. உலர்ந்த மே மாதத்தில், 40 டிகிரியும் 25% ஈரப்பதமும் இருந்தால், காற்றிலுள்ள ஈரம் வேர்க்கும் புள்ளி சுமார் 16 டிகிரி. ஜூலை மழைக்காலத்தில் 28 டிகிரி, 80% ஈரப்பதம் என்றால் அந்தப் புள்ளி 24. தண்ணீர் அதற்குக் கீழே போனால், ஐஸ் மோர் டம்ளர் வேர்ப்பது போலக் குழாயும் வேர்க்கும், மதர்போர்டுக்கு மேலேயே. ஐஸ் வேண்டவே வேண்டாம்.

கசிவும் கையெழுத்தும்

லேப்டாப் வாரன்டிகள் திரவச் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. பற்றவைத்த ஹீட்சிங்கோடு சர்வீஸ் சென்டருக்குப் போனால் என்ன சொல்வார்கள் என்பதற்குக் கணக்குப் போடத் தேவையில்லை. என் தீர்ப்பு: வாரன்டி முடியும்வரை ஹீட்சிங்கைத் தொடாதீர்கள், இஎம்ஐ முடியும்வரை என்றால் இன்னும் நல்லது. சோறு போடும் லேப்டாப் ஒன்றுதான் என்றால் அதில் பரிசோதனை கூடாது.

கட்டியே தீருவேன் என்பவர்கள், பொருத்துவதற்கு முன் முழு அமைப்பையும் லேப்டாப்புக்கு வெளியே, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி, 24 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேப்பரில் ஒரு புள்ளி ஈரம் இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. லேப்டாப்பைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி ஒயரைக் கழற்றுவது. லித்தியம் பேட்டரி பக்கமாகச் சூடான குழாய் போகக் கூடாது; 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும், உப்பினால் டச்பேடைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். குழாயைக் கழற்றி மாட்டும் இணைப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். ராணிகஞ்சில் கம்ப்ரசருக்கு விற்கும் கப்ளிங் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் மூடும், மறுபக்கம் தண்ணீர் ஒழுகும். இரண்டு பக்கமும் மூடும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

என் தம்பி தூசி தட்டி, பிடிஎம் தாள் ஒட்டி, டர்போவை அணைத்து, எஃப்பிஎஸ்ஸைப் பூட்டிவிட்டான். ஆட்டம் இப்போது நடுவில் சேற்றில் சிக்குவதில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை போலிருக்கிறது. பழைய ஹீட்சிங்க் ஒன்றில் சால்டர் பழகும் போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கின்றன. இஎம்ஐ முடிந்ததும் கட்டுவானாம். போன வாரம் கேட்டான்: "தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தா குழாயில இருக்கிற தண்ணி?" முழுக்க வடித்து, ஊதிக் காய வைத்து, இரண்டு முனையையும் மூடிவிட்டுத்தான் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். அப்பர் பெர்த்தில் சாய்ந்து கிடக்கும் பைக்குள் எந்தக் குழாய் எந்தப் பக்கம் ஒழுகும் என்று யாராலும் சொல்ல முடியாது.